டிக்ளேர்டு வேல்யூ கட்டத்தில் 500 என்று எழுதவிடாதீர்கள்

45,000 ரூபாய் கேமரா லென்ஸ் ஒன்று கோவையிலிருந்து சென்னைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கூரியர் கட்டணம் 120 ரூபாய். மூன்றாம் நாள் டிராக்கிங்கில் "டெலிவர்டு" என்று வருகிறது. பெற வேண்டியவர் கையில் எதுவும் சேரவில்லை. கிளைக்குப் போனால் ஹப்பை (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மையத்தை) கேளுங்கள் என்கிறார்கள், ஹப்பைக் கேட்டால் புக்கிங் செய்த இடத்துக்கே போகச் சொல்கிறார்கள். மூன்று வாரம் அலைந்த பிறகு வரும் பதில்: "எங்கள் விதிப்படி 500 ரூபாய்தான் தர முடியும், இந்த வவுச்சரில் கையெழுத்துப் போடுங்கள்." ஊரும் பொருளும் மாறினாலும் புகார்கள் பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கின்றன.

அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட வேண்டாம். "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்ற வரி அதில் இருக்கும். 500 ரூபாய்க்கு அதில் கையெழுத்திட்டால், பிறகு நுகர்வோர் ஆணையத்தில் நிறுவனம் முதலில் நீட்டும் காகிதம் அதுதான்.

இப்படி நடப்பதற்கான காரணம் புக்கிங் கவுண்டரிலேயே தொடங்குகிறது. சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 (நடைமுறைக்கு வந்தது 2011 மார்ச் 1) கூரியர் நிறுவனங்களையும் சரக்கு ஏற்றிச் செல்பவர்களாகவே கருதுகிறது. அதிக ஆபத்துக் கட்டணம் (நிறுவனத்தின் பொறுப்பைக் கூட்டுவதற்கான கூடுதல் தொகை) கட்டாமல் அனுப்பினால், தொலைந்த பொருளுக்கு அவர்களின் பொறுப்பு கட்டணத்தைப் போல 10 மடங்கு வரைதான். 120 ரூபாய் கட்டினால் 1,200 ரூபாய். அந்தத் தொகையும் பொருளுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பை, அதாவது டிக்ளேர்டு வேல்யூவை, தாண்டாது. அதாவது "சும்மா 500-னு போட்டுடலாம் சார், பில் கேட்க மாட்டாங்க" என்று கவுண்டரில் இருப்பவர் சொல்வதற்குத் தலையாட்டினால், 1,200-ம் போய்விடும்.

அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவில் அனுப்புபவருக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள் உண்டு. பலருக்கு இவை தெரிவதில்லை. பொருள் தொலைந்தால் அது நிறுவனத்தின் கவனக்குறைவால்தான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஊழியரோ ஏஜென்ட்டோ திருடியிருந்தால் 10 மடங்கு வரம்பு பொருந்தாது. புக்கிங்கின்போது நிரப்பித் தரும் ஒப்படைப்புப் படிவத்தில் எழுதிய மதிப்பின்படி பொறுப்பு வரும். அங்கேயும் மதிப்பு எழுதியிருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். திருட்டே நிரூபணமானாலும் படிவத்தில் 500 என்று இருந்தால் உங்கள் கை கட்டப்பட்டுவிடும்.

ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்து நிபந்தனைகள் செல்லுமா என்பது கையெழுத்தைப் பொறுத்தது. பாரதி நிட்டிங் கம்பெனி ஒரு பன்னாட்டு கூரியர் மீது தொடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 100 டாலரோடு நிறுத்தியது. ஜெர்மனிக்கு அனுப்பிய ஆடைகளுக்கான ஆவணங்கள் போய்ச் சேராமல் பெரிய தொகை நஷ்டமான வழக்கு அது. அனுப்பியவர் கையெழுத்திட்ட படிவத்தில் அந்த வரம்பு இருந்தது என்பதே காரணம். மாறாக, கையெழுத்தே வாங்காத, யாரும் படித்துக்காட்டாத நிபந்தனைகளை நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் ஏற்க மறுத்திருக்கின்றன. எனவே எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று பார்த்துப் போடுங்கள். "ஓனர்ஸ் ரிஸ்க்" (தொலைந்தால் அனுப்புபவர் பொறுப்பு) என்ற கட்டத்தில் அவர்களே டிக் அடித்து வைத்திருந்தால், அதை நீக்கச் சொல்லிவிட்டு "கேரியர் ரிஸ்க்" (நிறுவனத்தின் பொறுப்பு) கேளுங்கள். பொருள் மதிப்பில் ஒரு சிறு சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள். அதற்கான சான்று ரசீதிலேயே அச்சாகி வர வேண்டும். "இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்ற வாய்ச்சொல் எதற்கும் உதவாது.

இன்சூரன்ஸ் கட்டியும் பணம் கிடைக்காத இடங்கள் இரண்டு. ஒன்று, தடைப் பட்டியல்: பணம், தங்க நகை போன்றவற்றைப் பெரும்பாலான கூரியர்கள் ஏற்பதில்லை, "துணி" என்று சொல்லி நகையை வைத்தால் பிரீமியம் கட்டியிருந்தாலும் கிளெய்ம் நிற்காது. இரண்டு, பில் இல்லாத பழைய பொருள். விற்பவரும் வாங்குபவரும் விலையும் சீரியல் நம்பரும் போட்டுக் கையெழுத்திட்ட ஒரு விற்பனைக் கடிதத்தையாவது புக்கிங்கின்போது இணையுங்கள்.

ஆம்னி பஸ் டிரைவரிடம் ரசீது இல்லாமல் கொடுத்தனுப்பும் பழக்கத்தை மதிப்புள்ள பொருளுக்கு அறவே விடுங்கள். ஒப்படைத்ததற்கே ஆதாரம் இல்லை என்றால் மேலே சொன்ன எந்தச் சட்டமும் உங்களுக்குக் கைகொடுக்காது.

தபால் துறை தனிக் கதை. 2007 சட்டம் அரசுக்குப் பொருந்தாது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ள அஞ்சலகச் சட்டம், 2023-இன் 10-ஆம் பிரிவின்படி, விதிகளில் சொல்லப்பட்ட அளவுக்கு மேல் அஞ்சலகத்துக்குப் பொறுப்பு கிடையாது. ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்பதே நீண்ட கால விதி. 80 ரூபாய் கட்டியிருந்தால் 160 ரூபாய். விலையுள்ளதை இன்சூர் செய்துதான் அனுப்ப வேண்டும்.

வாங்குபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆன்லைன் கடையில் ஆர்டர் செய்த பொருள் வராவிட்டால் கூரியரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். நீங்கள் காசு கொடுத்தது கடைக்கு. கூரியருக்குக் கொடுத்தது கடை. இ-காமர்ஸ் விதிகள், 2020-இன்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் வாட்ஸ்அப் குழுவிலோ தெரிந்தவர் மூலமோ பழைய பொருள் வாங்கினால் நிலைமை தலைகீழ். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 39-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தின்படி விற்பவர் பொருளைக் கூரியரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதனால் பணம் அனுப்பும் முன், "பொருள் என் கைக்கு வரும்வரை பொறுப்பு உங்களுடையது" என்று எழுதி, விற்பவரிடம் "சரி" என்ற பதிலையும் வாங்கிவிடுங்கள். அப்படி எழுதாமல் விட்டிருந்தாலும் ஒரு வழி உண்டு: பொருளின் தன்மைக்குத் தகுந்த ஏற்பாட்டோடு அனுப்ப வேண்டியது விற்பவரின் கடமை. 45,000 ரூபாய் பொருளை 500 என்று எழுதி அனுப்பி அது தொலைந்தால், அந்த ஒப்படைப்பை ஏற்க முடியாது என்று வாங்குபவர் வாதிடலாம்.

தகராறு வந்தால் மிக வலுவான சாட்சி எடைதான். ரசீதில் இருப்பது பெரும்பாலும் கட்டண எடை. 500 கிராம் படிகளில் மேலே தூக்கி எழுதியிருப்பார்கள், அல்லது நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்த எடையாக இருக்கும். உண்மையான எடையைக் கிராமில் எழுதச் சொல்லுங்கள். தராசின் எண் தெரியும்படி பெட்டியைப் படம் எடுங்கள். 1,240 கிராமில் போன பெட்டி 480 கிராமில் வந்தால் திருட்டு வழியில் நடந்தது என்பதை மறுப்பது கடினம். சாதாரண பழுப்பு அட்டைப்பெட்டி போதும். கம்பெனிப் பெட்டி வெளியே தெரியக் கூடாது. டேப்பும் அட்டையும் சேரும் இடத்தில் குறுக்காகக் கையெழுத்திட்டால், பிரித்து ஒட்டியது உடனே தெரியும். பெறுபவர் பெட்டியின் ஆறு பக்கமும், லேபிளும், தராசு எண்ணும் தெரிய, வெட்டில்லாத ஒரே வீடியோவாகப் பிரிக்க வேண்டும். டேப் மாறியிருந்தால் டெலிவரி தாளில் அதை எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள், இல்லையென்றால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். பெட்டி கைக்கு வருமுன் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். "கீழே நிற்கிறேன், நம்பர் சொல்லுங்க" என்று போனில் கேட்பவரிடம் சொன்ன அந்த எண்ணே பிறகு நீங்கள் பெற்றதற்கான சான்றாகிவிடும்.

தொலைந்தது தெரிந்த அன்றே மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: டெலிவரி சான்றில் யார் கையெழுத்து, ஓ.டி.பி. எந்த நேரத்தில் பதிவானது, டெலிவரி நடந்த இடத்தின் ஜி.பி.எஸ். பதிவு, ஒவ்வொரு ஹப்பிலும் பதிவான எடை. டிராக்கிங் பக்கத்தையும் படம் எடுத்துவையுங்கள்; சில வாரங்களில் அது காணாமல் போகலாம். கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. "மறுபடி டெலிவரிக்கு 5 ரூபாய் கட்டுங்கள்" என்று லிங்க் அனுப்பியோ, ஒரு செயலியை நிறுவச் சொல்லியோ வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். அப்படி மாட்டினால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

அடுத்து கூரியர் நிறுவனத்துக்கு எழுத்துபூர்வ நோட்டீஸ். புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் இது போக வேண்டும். தவறினால் 2007 சட்டத்தின் கீழ் வழக்கே போட முடியாது. பொருள் தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து அல்ல, புக்கிங் தேதியிலிருந்து எண்ண வேண்டும். "விசாரணையில் இருக்கிறது" என்ற பதிலை நம்பி ஆறு மாதத்தை ஓட்டிவிட்டு வருபவர்களுக்குச் செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை. ஊழியர்மேல் சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) 316(3)-ஆம் பிரிவின் கீழ் புகார் கொடுங்கள். சரக்கு ஏற்றிச் செல்பவரின் நம்பிக்கை மோசடிக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. தொலைந்தது போன் என்றால் அந்தப் புகார் நகலை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.-யை முடக்கலாம்.

நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. முழு வணிக நோக்கத்துக்காக அனுப்பியது என்றால் மட்டும் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். மனுவோடு ரசீது, பில், எடைப் படம், மின்னஞ்சல்கள், நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கான சான்று ஆகியவற்றை இணையுங்கள்.