அப்பா அம்மாவோடு போனால் எந்த அருவி? வாட்கின்ஸ் க்ளென், டுகானக், ட்ரீமன்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கியதும் நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் போடும் முதல் திட்டம் நயாகராவாகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் பெரியவர்களை உட்கார வைக்க முடியாது என்பதால், வழியில் வாட்கின்ஸ் க்ளென் என்ற அருவிப் பூங்காவில் ஒரு நிறுத்தம். ‘ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. நுழைவாயிலில் இருந்து கொஞ்ச தூரம் உற்சாகமாக ஏறினார். அப்புறம் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடிச் சுவரைத் தேட ஆரம்பித்தார். கடைசியில் ஈரமாக இருந்த ஒரு கல் திட்டில் உட்கார்ந்து, “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்” என்றார். எப்படி விட்டுவிட்டுப் போவது? எல்லோரும் திரும்பிவிட்டோம். அங்கிருந்து நாற்பது நிமிடக் கார் பயணத்தில், இதாக்கா ஊருக்குப் பக்கத்தில், அம்மா நிம்மதியாக நடந்திருக்கக்கூடிய டுகானக் என்ற மலையிடுக்கு இருந்தது அன்று எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு இரண்டு முறை போய் வாட்கின்ஸ் க்ளென், டுகானக், ட்ரீமன் என்று மூன்று இடங்களிலும் நடந்து பார்த்திருக்கிறேன். ‘எது அழகு’ என்பதைவிட ‘யாரோடு போகிறீர்கள்’ என்பதுதான் இங்கே முதல் கேள்வி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

மூன்றும் நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில் இருக்கின்றன. மூன்றும் ஒரே கதையில் பிறந்தவை. பனியுகத்தில் பனிப்பாறைகள் செனிகா, கயூகா ஏரிகளின் பள்ளங்களை ஆழமாகத் தோண்டிவிட்டன. பக்கத்தில் இருந்து வந்து சேரும் சிற்றோடைகள் மேலேயே தொங்கி நின்றன. பனி விலகிய பிறகு, அந்த ஓடைகள் ஏரியை நோக்கி விழுந்து விழுந்து, பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையை அறுத்துக்கொண்டிருக்கின்றன. மென்மையான களிப்பாறை சீக்கிரம் கரையும், இடையிடையே இருக்கும் மணற்பாறை தாங்கி நிற்கும். அதனால்தான் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக அருவிகள். கதை ஒன்றானாலும் நடக்கும் அனுபவம் மூன்றிலும் முற்றிலும் வேறு.

வாட்கின்ஸ் க்ளென்னில் அருவியைப் பார்ப்பதில்லை, அதற்குள்ளேயே நடக்கிறோம். சுமார் ஒன்றரை மைல் நடைபாதையில் 19 அருவிகள், 800-க்கும் மேற்பட்ட கல்படிகள். இரண்டு பக்கமும் 200 அடி வரை உயரும் பாறைச் சுவர்கள். நுழைந்ததுமே பாறையைக் குடைந்த ஒரு சுரங்கம், பிறகு ஒரு பாலம், கொஞ்ச நேரத்தில் கேவர்ன் கேஸ்கேட். இங்கே பாதை அருவிக்குப் பின்னால் போகிறது. தண்ணீர்த் திரைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம், இந்தப் பக்கம் நாம். இன்னும் மேலே போனால் ரெயின்போ அருவியிலும் அதே மாதிரி பின்னால் நுழைந்து வெளியே வரலாம். வெயில் சரியான கோணத்தில் விழும் பிற்பகலில், பெயருக்கேற்ற மாதிரி வானவில்லும் தெரியும். ஓடை சுழன்று சுழன்று குடைந்த வட்டக் குழிகளில் பச்சையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். படம் எடுக்க நின்றால் பின்னால் வருபவர்களும் நிற்க வேண்டியதுதான், பாதை அவ்வளவு குறுகல்.

இது 1863-இல் தனியார் சுற்றுலா இடமாகத் திறக்கப்பட்டு, 1906-இல் மாநில அரசின் கைக்கு வந்த இடம். 1935 வெள்ளம் பாதையைச் சிதைத்துவிட்டது. பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடக்கும் இன்றைய கல்படிகளும் கைப்பிடிச் சுவர்களும், அதன் பிறகு அரசின் வேலைத்திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் கட்டியவை. அந்தக் கல்வேலையைப் பார்ப்பதற்காகவே நான் இன்னொரு முறையும் போவேன்.

ஆனால் படிகள் படிகள்தான். ‘மேல் வாசலில் இறங்கிக் கீழே நடந்து வந்துவிடலாமே’ என்பார்கள். கோடையில் இரண்டு வாசல்களுக்கும் இடையே ஷட்டில் ஓடுவதுண்டு, அன்று ஓடுகிறதா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளலாம். மூச்சு வாங்குபவர்களுக்கு இது நல்ல வழி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இல்லை. இறங்கும்போதுதான் மூட்டில் பாரம் அதிகம் விழுகிறது, அதிலும் மேல்முனையில் ‘ஜேக்கப்ஸ் லேடர்’ என்று 180 படிகள் ஒரே தொடராக இறங்க வேண்டும். அப்படிப்பட்டவர்களை அழைத்துப் போனால், கீழ் வாசலில் நுழைந்து கேவர்ன் கேஸ்கேட் வரை மட்டும் மெதுவாக ஏறித் திரும்புங்கள். முழுப் பாதையும் நடக்கவில்லையே என்ற குறை வேண்டாம். அருவிக்குப் பின்னால் நிற்கும் அனுபவம் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

டுகானக் இதற்கு நேர் எதிர். இங்கே ஒரே ஒரு பெரிய அருவி, 215 அடி. உயரத்தில் நயாகராவையே மிஞ்சும். அகலத்திலும் தண்ணீரின் அளவிலும் நயாகராவின் கிட்டே வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீழிருந்து அருவியின் பாதம் வரை முக்கால் மைல், அகலமான, ஏறக்குறைய சமதளமான பாதை. குழந்தையை ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். மரநிழலில் ஓடையை ஒட்டி நடக்க நடக்க, சுவர்கள் மெல்ல விலகி உயர்ந்து, கடைசித் திருப்பத்தில் ஒரு பெரிய கல் மண்டபத்துக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். நடுவில் ஒற்றைத் தண்ணீர்க் கம்பம். அம்மா இரண்டாவது பயணத்தில் இங்கே போகவர ஒன்றரை மைலும் நடந்தார், பாலத்தில் நின்று முகத்தில் சாரல் வாங்கினார். நடக்கவே முடியாதவர்கள் இருந்தால் காரிலேயே மேலே போய், நிறுத்துமிடத்தில் இருந்து சில அடிகளில் முழு அருவியையும் பார்த்துவிடலாம். வாட்கின்ஸ் க்ளென்னில் இந்த வசதிக்கு வழியே இல்லை.

டுகானக்கின் குறை தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களிலும் நல்ல மழைக்குப் பிறகும் கம்பீரமாக விழும். ஆகஸ்ட் கடைசியில் மழை இல்லாமல் போனால் நூல் மாதிரி இறங்கும். வாட்கின்ஸ் க்ளென்னில் தண்ணீர் குறைந்தாலும் பாறைகளே ஈடுகட்டிவிடும், இங்கே அப்படி இல்லை. இன்னொன்று, பாதையை விட்டு இறங்கி அருவியின் அடியில் போய் நிற்க ஆசை வரும். செய்யாதீர்கள். பனி உறைந்து உருகும் சுவரில் இருந்து கற்கள் பெயர்ந்து விழும் இடம் அது. தடைப் பலகை வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்து நம்மவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். “குளிக்கலாமா?” அப்பா வாட்கின்ஸ் க்ளென்னில் கேட்ட முதல் கேள்வியே அதுதான். குற்றாலம் பார்த்து வளர்ந்தவருக்கு அருவி என்றால் தலையைக் கொடுப்பது. வாட்கின்ஸ் க்ளென் ஓடையில் காலைக்கூட நனைக்க அனுமதி இல்லை. டுகானக் அருவியிலும் இல்லை, ஏரிக்கரையில் தனியாகக் குளிக்கும் இடம் மட்டும் உண்டு. குளிக்க வேண்டும் என்றால் ராபர்ட் ட்ரீமன் பூங்காதான். அதன் கீழ்ப்பகுதியில் ஓர் அருவி விழும் இயற்கைக் குளத்தில், கோடையில் உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கும் நேரங்களில் நீந்த விடுகிறார்கள். தண்ணீர் ஜூலையிலும் சில்லென்று இருக்கும். பலத்த மழை பெய்து கலங்கினால் மூடிவிடுவார்கள், அதனால் முந்தைய நாள் மழையைக் கவனியுங்கள். எண்ணெய், சோப்பு எல்லாம் கிடையாது. ஆனாலும் அப்பா கழுத்தளவு தண்ணீரில் அருவியைப் பார்த்தபடி நின்ற அரை மணி நேரத்துக்கு நயாகராவும் ஈடாகவில்லை.

ட்ரீமனில் நடைபாதையும் உண்டு. மேல் வாசலில் இருந்து அரை மைல் நடந்தால் 115 அடி லூசிஃபர் அருவி. மூன்று இடங்களில் கூட்டம் குறைவு இங்கேதான். கல் பாலமும் படிகளும் வாட்கின்ஸ் க்ளென்னை நினைவுபடுத்தும், ஆனால் நின்று பார்த்தால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். முழுப் பாதை இரண்டே கால் மைல், படிகளும் நிறைய. பதின்பருவப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான்: காலையில் மேலே நடை, மதியம் கீழே குளியல்.

லெட்ச்வொர்த்தையும் சிலர் சொல்வார்கள். ஜெனசி ஆறு அறுத்த பெரிய மலையிடுக்கு, பெரும்பாலும் காரில் இருந்தே பார்க்கும்படி அமைந்தது. நயாகராவுக்குப் போகும் வழியில் நேரம் மிச்சமிருந்தால் நல்லதுதான், நெருக்கமாக நடக்கும் இடத்தோடு ஒப்பிட வேண்டியதில்லை.

மாதத்தைப் பார்த்து முடிவு செய்வதும் முக்கியம். வாட்கின்ஸ் க்ளென்னிலும் ட்ரீமனிலும் மலையிடுக்குப் பாதைகளைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், வசந்தத்தில்தான் திறப்பார்கள். டுகானக்கின் கீழ்ப்பாதை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். அக்டோபர் நடுவில் இலைகள் நிறம் மாறும்போது மூன்றுமே அழகு, கூட்டமும் அதற்கேற்ப. சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாட்கின்ஸ் க்ளென்னில் கார் நிறுத்த இடம் தேடுவதைவிட எட்டு மணிக்கே போய்விடுவது மேல். நிறுத்தக் கட்டணம் பத்து டாலர் அளவில் இருக்கும். ரசீதை எறிந்துவிடாதீர்கள், அன்றைக்கே அடுத்த மாநிலப் பூங்காவுக்குப் போனால் காட்டலாம். செருப்பு வேண்டவே வேண்டாம். அம்மாவுக்கு நாங்கள் வழுக்காமல் பிடிப்பு நன்றாக இருக்கும் ஷூ வாங்கிக் கொடுத்தது இரண்டாவது பயணத்துக்கு முன்னால்தான், முதல் முறையே வாங்கியிருக்க வேண்டும்.

ஒரே ஒரு நாள், எல்லா வயதினரும் இருக்கிறார்கள் என்றால் நான் இப்படிப் போவேன். முந்தைய இரவே வாட்கின்ஸ் க்ளென் ஊரில் தங்கி, காலை எட்டு மணிக்கு நடக்க முடிந்தவர்கள் முழுப் பாதையும், பெரியவர்கள் ஒருவர் துணையோடு முதல் அருவி வரையும். பிறகு டுகானக்கின் ஏரிக்கரையில், கட்டிக்கொண்டு வந்த புளியோதரையும் தயிர்சாதமும். சாப்பிட்ட களைப்பு தீர்ந்ததும், எல்லோரும் சேர்ந்து அந்த முக்கால் மைல்.