நான்கு இன்ஜெக்டர் கொண்ட செட்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

ஒரு நட்சத்திரத்தை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இதற்கு முன் வேறொருவரிடம் வாங்கித் திருப்பி அனுப்பிய செட்டைப் பற்றி முதலில் சொன்னால்தான் இதன் அருமை புரியும்.

என் கார் பெட்ரோல், நான்கு சிலிண்டர், வயது 17. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது அவ்வப்போது எரியாமல் விட்டுவிடும். இக்னிஷன் காயிலையும் ஸ்பார்க் பிளக்கையும் இடம் மாற்றிப் பார்த்தேன், மிஸ்ஸிங் அங்கேயே நின்றது. பெட்ரோலைத் தெளிக்கும் வால்வான இன்ஜெக்டரைக் கழற்றி ஒன்றாவதில் போட்டதும் மிஸ்ஸிங்கும் கூடவே ஒன்றாவதுக்குப் போய்விட்டது. சுத்தம் செய்தும் பலனில்லை. ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டு மற்ற மூன்றோடு மல்லுக்கட்டுவதைவிட நான்கையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் வாங்கிய செட்டின் விளம்பரத்தில் 'அப்படியே பொருந்தும்' என்று போட்டிருந்தார்கள். பொய் இல்லை. நீளம் சரி, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சரி, கனெக்டர் டக்கென்று உட்கார்ந்தது. மாட்டுவதற்கு முன் ஏதோ ஒரு சந்தேகத்தில் மல்டிமீட்டரை எடுத்து இரண்டு பின்களிலும் வைத்தேன். பழையவை 13.9, 14.1, 14.0, 13.9 ஓம். புதியது 2.3! மீட்டரில்தான் கோளாறோ என்று முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே 2.3.

இதில் என்ன ஆபத்து? வண்டி ஓடும்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட். இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில் 14 ஓம் என்றால் ஒரு ஆம்பியர் ஓடும். 2.3 ஓம் என்றால் ஆறு ஆம்பியர். ஈசியூவுக்குள் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜெக்டரை இயக்கும் டிரான்சிஸ்டர் அந்த ஒரு ஆம்பியரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஆறை எத்தனை நாள் தாங்கும்? ஓம் குறைந்த இன்ஜெக்டர் மட்டமான பொருள் என்று அர்த்தமில்லை. அதற்கென்றே வேறு வகை டிரைவர், அதாவது இன்ஜெக்டரை இயக்கும் சர்க்யூட், உண்டு: திறக்கும் கணத்தில் நான்கு ஆம்பியர் போலக் கொடுத்து, திறந்தபின் ஒரு ஆம்பியருக்கு இறக்கிப் பிடித்துக்கொள்ளும். என் ஈசியூவுக்கு அந்த வித்தை தெரியாது, அவ்வளவுதான்.

விற்றவரிடம் கேட்டேன். "சாக்கெட் பொருந்துதுல்ல சார், ஒரு ரெசிஸ்டரை சீரிஸ்ல போட்டுக்குங்க" என்றார். ரெசிஸ்டர் போட்டால் கரண்ட் குறையும், டிரைவர் பிழைக்கும், உண்மைதான். ஆனால் இன்ஜெக்டர் திறக்கும் வேகம் மாறிவிடும், அது ஈசியூவுக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்புறம் வாங்கியதுதான் இந்த செட். பெட்டியைத் திறந்ததும் மேலே ஒரு தாள். நான்குக்கும் தனித்தனியாக ஓம் (12.1-இலிருந்து 12.3 வரை), எவ்வளவு பாய்கிறது, எந்த அழுத்தத்தில் அளந்தது என்று எல்லாம் எழுதியிருந்தது. அந்தக் கடைசி விவரத்துக்காகவே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். வெறுமனே நிமிடத்துக்கு 250 சிசி என்று சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது. அளந்தது 4 பார் அழுத்தத்தில் என்றால், 3 பாரில் ஓடும் வண்டியில் அதே இன்ஜெக்டர் 217 சிசி பக்கம்தான் கொடுக்கும். பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இந்தத் தாளில் 3 பார் என்று இருந்தது, என் வண்டியும் 3 பார். நான்குக்கும் இடையே வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள். தெளிப்பும் இரட்டைக் கீற்று; ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்டேக் வால்வு உள்ள என் இன்ஜினுக்கு அதுதான் வேண்டும்.

மாட்டிய வேலையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானே அணையும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கினேன். ஓ-ரிங்குகளில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில். மிஸ்ஸிங் போயே போச்சு.

ஆனால் ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) லேசாகப் பெட்ரோல் வாசம். காலையில் முதல் அரை நிமிடம் இன்னும் கொஞ்சம் அதிகம். ஸ்கேனரை மாட்டி நான்கு நாள் ஃப்யூவல் ட்ரிம்மை, அதாவது ஈசியூ தன் கணக்கிலிருந்து பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை, கவனித்தேன். ஐட்லிங்கில் கழித்தல் 10 சதவீதம், நெடுஞ்சாலை வேகத்தில் கழித்தல் 3. இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இல்லாததுதான் துப்பு. பாய்ச்சல் அதிகம் என்றால் எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே சதவீதம் குறைத்திருக்கும். ஐட்லிங்கில் மட்டும் பெரிதாக வந்தால் சந்தேகம் டெட் டைம் மேல் விழவேண்டும்.

டெட் டைம் என்பது, ஈசியூ 'திற' என்று சொன்ன பிறகு ஊசி நகர்ந்து பெட்ரோல் வரும்வரை வீணாகும் நேரம். சுமார் ஒரு மில்லி செகண்ட். மின்னழுத்தம் குறைந்தால் இது கூடும். பழைய இன்ஜெக்டரோடு ஐட்லிங்கில் ஈசியூ கொடுக்கும் ஒவ்வொரு 'திற' துடிப்பும் 3 மில்லி செகண்ட் இருந்தது, இப்போது 2.8. அதாவது இது சுமார் 0.2 மில்லி செகண்ட் முன்கூட்டியே திறக்கிறது. மூன்றில் 0.2 பெரிது, நெடுஞ்சாலையில் துடிப்பு ஏழு, அதில் 0.2 ஒன்றுமே இல்லை. ஈசியூ பழைய இன்ஜெக்டரின் தாமதத்தையே இன்னமும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது, பாவம். ஆக்சிஜன் சென்சார் சூடானதும் திருத்திக்கொள்கிறது, அதுவரைதான் வாசம்.

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று, எந்த வோல்ட்டில் எத்தனை மில்லி செகண்ட் என்ற அட்டவணையைக் கேட்டு எழுதினேன். இரண்டே நாளில் அனுப்பினார்கள், 8 வோல்ட்டிலிருந்து 16 வரை, ஒழுங்காக. கையில் வைத்துக்கொண்டே ஏன் பெட்டியில் போடவில்லை? அந்த ஒரு நட்சத்திரம் போனது இதற்குத்தான். ட்யூனிங் செய்யக்கூடிய ஈசியூ வைத்திருப்பவர்கள் அந்த எண்களை அப்படியே ஏற்றி இந்தப் பத்து சதவீதத்தையும் ஒழித்துவிடலாம். என்னுடையதில் முடியாது, அந்த அரை நிமிட வாசத்தோடு ஓட்டுகிறேன்.

டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை: காமன் ரெயில் வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அதை ஸ்கேனர் மூலம் ஈசியூவில் பதிய வேண்டும். மாட்டிய பிறகு அந்தத் தலை கண்ணுக்கு எட்டாது, முதலிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த செட் பெட்ரோலுக்கு மட்டும்தான்; சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் வகைக்கும் ஆகாது.

இன்னொன்று, இன்ஜெக்டரை இடத்தில் பிடித்து வைக்கும் பூட்டு கிளிப் செட்டில் வரவில்லை. பழையதையே போட்டேன், ஒன்று உடைந்து, அதைத் தேடுவதிலேயே ஒரு மாலை போனது.