பிரதேச செயலகத்து உளவளத்துணை அறை: வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு நாலு தடவை போய்வந்தேன்

நான் திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். 11 வருடமாகிறது. போன செப்டெம்பரில், சீசன் முடிகிற நேரம், ஹோட்டல் கைமாறியது. புது நிர்வாகம் வந்த முதல் கிழமையே ஊழியர் பட்டியலைக் கேட்டார்கள் என்று ஆபீசில் இருக்கிற தங்கச்சி சொன்னா. அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி வாட்ஸ்அப் குரூப்பைப் பார்ப்பேன், யாராவது "நாளைக்கு மீட்டிங்" என்று போட்டிருக்கிறார்களா என்று. காலையில் உப்புவெளி தாண்டி பஸ் போகும்போதே வயிற்றைப் பிசையும்.

இந்த நிலையில்தான் எங்கள் மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்துக்கு, அங்கிருக்கிற உளவளத்துணை (கவுன்சிலிங்) உத்தியோகத்தரைப் பார்க்கப் போனேன். எந்தச் செயலகம் என்று எழுதவில்லை, சில குறைகளும் சொல்லப் போகிறேன். காசு எதுவும் வாங்குவதில்லை. இப்படி ஒரு சேவை இருப்பதே எனக்குத் தெரியாது, சமுர்த்திக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் போகிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் போனேன்.

முதல் தடவை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அறை என்று தனியாக ஒன்றும் இல்லை, அலுமாரியால் மறைத்த ஒரு மூலை, அந்தப் பக்கம் கிளார்க்மார் கதைக்கிறது கேட்கிறது. நான் கதைக்கிறது அவர்களுக்குக் கேட்காதா? அழுகை வந்தும் அடக்கிக்கொண்டேன். உத்தியோகத்தர் மிஸ்ஸும் அன்றைக்கு "நல்லதையே நினையுங்கோ அக்கா, எல்லாம் சரியாகும்" என்றா. மூச்சுப் பயிற்சி பற்றி ஒரு தாள் தந்தா. நல்லதை நினைக்கத் தெரியாமலா வந்திருக்கிறேன் என்று கோபம்தான் வந்தது. மூச்சுப் பயிற்சி சிலருக்கு உதவுமாம், எனக்கு இரவு இரண்டு மணிக்கு எழும்பினால் எண்ணிக்கையே மறந்துபோகும்.

இரண்டாம் தடவை போனது வீட்டுக்காரர் பிடிவாதமாக த்ரீவீலில் கொண்டுபோய் இறக்கிவிட்டதால். அன்றைக்கு மிஸ்ஸிடமே நேராகச் சொல்லிவிட்டேன், கதவு இருக்கிற அறை வேண்டும் என்று. எங்கேயோ கேட்டு, பக்கத்துக் கூட்ட அறையைத் திறந்து தந்தா. நீங்களும் கேளுங்கள், கேட்டால் கிடைக்கிறது.

அங்கே முதல் தடவையாக முழுதும் கதைத்தேன். 2019 ஏப்ரல் 21, எங்களுக்கு சீசன் தொடங்குகிற நேரம், குண்டுவெடிப்புக்குப் பிறகு சில நாட்களிலேயே அறைகள் எல்லாம் வெறுமையானது. 2020 மார்ச்சில் கொரோனா. 2022இல் பெற்றோல் வரிசை, வேலைக்குப் போகவே வழியில்லை. ஒவ்வொரு முறையும் சிலரை நிறுத்தினார்கள், நான் தப்பினேன். தப்பினேன் என்றுதான் சொல்ல வருகிறது, பாருங்கள். மிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கட பயம் வியாதி இல்லை அக்கா, மூன்று தரம் கண்ட ஆளுக்கு வராமல் இருக்குமா" என்றா. அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு அழுதேன் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு ஏதோ மூளையில் பிழை என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இரண்டு வேலை தந்தா. ஒன்று, கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குவது. பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஆறு இருபது வரை மட்டும் உட்கார்ந்து, பயப்படுகிற எல்லாவற்றையும் கொப்பியில் எழுத வேண்டும். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் "ஆறு மணிக்குப் பார்ப்பம்" என்று தள்ளிவைக்க வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது, ஆனால் பத்து நாளில் இரவு எழும்புவது குறைந்தது. வாட்ஸ்அப் குரூப்பையும் ஆறு மணிக்குத்தான் பார்ப்பேன்.

மற்றது, எனக்கு உண்மையில் உதவியது. "வேலை போனால் அடுத்த நாள் என்ன நடக்கும், அதற்கடுத்த மாதம் என்ன நடக்கும், தொகை போட்டு எழுதிக்கொண்டு வாங்கோ" என்றா. எழுத உட்கார்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்பதே தெரியாது! 11 வருடம் வேலை செய்தவள். அதனால் மிஸ் சொன்னபடி நகரில் இருக்கிற தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு நியமனக் கடிதத்தையும் சம்பளச் சிட்டைகளையும் கொண்டுபோய் விசாரித்தேன். ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில், 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நினைத்தபடி நிறுத்த முடியாது. ஒன்று நாங்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். அதனால்தான் சில இடங்களில் "ராஜினாமா என்று எழுதித் தாங்கோ, பிரச்சினை இல்லாமல் முடிப்பம்" என்று கேட்பார்களாம். கையெழுத்து வைத்தால் நாங்களாகவே விலகினது என்று ஆகிவிடும். அந்தரத்தில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது ஹோட்டல் தர வேண்டிய தொகை, ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். சேர்விஸ் சார்ஜ் பங்கு இதில் சேராது, அடிப்படைச் சம்பளத்தையும், வாழ்க்கைச் செலவுப் படி இருந்தால் அதையும் வைத்துத்தான் கணக்கு. எனக்கு அடிப்படை 48,000, ஐந்தரை மாதம் என்றால் 264,000. சேமலாப நிதிக் காசு (EPF) பெண்களுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும், எனக்கு 41, அதை மறந்துவிட வேண்டியதுதான். நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக் காசை (ETF) வேலை விட்டதும் எடுக்கலாம், அது பெரிய தொகை இல்லை.

வீட்டுச் செலவை எழுதினேன். த்ரீவீல் லீசிங், மகளின் சாதாரண தர டியூஷன், சீட்டு, சாப்பாடு, கரண்ட், எல்லாம் சேர்த்து மாதம் 92,000. வீட்டுக்காரர் கொண்டுவருவது சராசரியாக 45,000. துண்டு விழுவது 47,000. பணிக்கொடையை அதால் பிரித்தால் ஐந்தரை மாதம். டிசம்பரில் நிறுத்தினாலும் மே வரை தாங்கும், மே என்றால் மாரி முடிந்து கடல் அடங்கி, அடுத்த சீசனுக்கு ஹோட்டல்கள் ஆள் தேடுகிற காலம். இந்தக் கணக்கை எழுதி முடித்த அன்று பின்னேரம் டச் பே கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். மகள் கரையில் கால் நனைத்துக்கொண்டு நின்றாள். அதுவரை என் பயத்துக்கு அடியே இல்லாமல் இருந்தது, இப்போது கால் படுகிற ஆழம் எங்கே என்று தெரிந்தது. அன்று விடியும்வரை நித்திரை கொண்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் நேரம் கிடைக்கிறது, அதுவும் மிஸ் வெளிக்களத்துக்குப் போய்விட்டால் இல்லை, ஒருநாள் அரை நாள் லீவு போட்டுப் போய் வீணாகத் திரும்பினேன். லீவு கேட்கவே பயமான நேரத்தில் அது பெரிய இழப்பு. ஒரு உத்தியோகத்தருக்கு இவ்வளவு சனம் கூடாது. தனி அறை கட்டாயம் வேண்டும், வெட்கத்தில் முதல் நாளோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ.

இரவில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம் என்று மிஸ் எழுதித் தந்தா. போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன், குறைத்த ஒன்று அறைக்காக. என் வேலை இன்னும் இருக்கிறது, கடிதம் ஒன்றும் வரவில்லை, வராது என்றும் யாரும் சொல்லவில்லை. நீங்கள் போவதென்றால் அதற்கு முந்தின நாளே போன் எடுத்து வெளிக்களமா என்று கேட்டுவிட்டு, காலை எட்டரைக்குள் போய்விடுங்கள். சம்பளச் சிட்டையும் ஒரு கொப்பியும் கொண்டுபோங்கள்.