"நேவி மறிச்சா நல்லது" என்று சொல்லும் ஏஜென்ட்

மதுரை, திருமங்கலம் பக்கத்து இலங்கை அகதி முகாம்களில் இருக்கும் நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். நான் இழந்தது ஒன்றரை லட்சம்.

1990-ல் கைக்குழந்தையாக மண்டபத்தில் வந்து இறங்கியவன் நான். இப்போது பெயிண்டிங் வேலை. மாட்டுத்தாவணி டீக்கடையில்தான் அந்த ஆள் அறிமுகம். நம்ம ஊர்ப் பேச்சு பேசினார், அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். கனடாவுக்குப் படகில் கொண்டுபோக ஆளுக்கு ஐந்து லட்சமாம். "நடுக்கடலில் நேவி பிடித்தால்?" என்று கேட்டேன். சிரித்தார். "மறிச்சா நல்லது தம்பி. வெள்ளைக்காரன்ர கப்பல்ல ஏறினா அவன்ர நாட்டுக்குத்தானே கொண்டுபோவான்?"

மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து முன்பணம் கொடுத்தேன். தூத்துக்குடியில் ஒரு லாட்ஜில் இரண்டு நாள் காத்திருந்ததுதான் மிச்சம். போன் சுவிட்ச் ஆஃப். புகார் கொடுக்கலாம் என்றால், நம்மைக் கண்காணிக்கும் போலீஸ் பிரிவான க்யூ பிராஞ்ச் முதலில் என்னைத்தான் விசாரிக்கும். அந்தப் பயம்தான் அவனுக்கு முதலீடே.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய 157 பேரை ஆஸ்திரேலியக் கப்பல் மறித்தது. கிட்டத்தட்ட ஒரு மாதம், குழந்தைகளோடு, கப்பலிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். கடைசியில் அகதிகளை அடைத்து வைக்கும் நவ்ரு தீவு, பசிபிக் கடலில். அப்படி அடைத்தது சட்டப்படி சரி என்று 2015-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே சமயத்தில் இன்னொரு படகில் வந்த 41 பேரைக் கடலிலேயே விசாரித்து, இலங்கைக் கடற்படையிடமே ஒப்படைத்தார்கள். எந்த நாட்டை விட்டு ஓடி வந்தார்களோ அந்த நாட்டிடமே!

கனடாவுக்கென்று கிளம்பிய 89 பேரின் படகு நடுக்கடலில் பழுதானது. 2021 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படை அவர்களை, இந்தியப் பெருங்கடலில் ராணுவத் தளம் இருக்கும் டியாகோ கார்சியா தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வேலிக்குள் கூடாரம், கூடாரத்துக்குள் எலி. பலருக்கு இப்படியே மூன்று வருஷம். சிலர் சாகவும் துணிந்தார்கள். 2024 டிசம்பரில், அங்கே மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அடைப்பு சட்டவிரோதம் என்று அந்தத் தீவுப் பகுதிக்கான நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் அதே மாதம்தான். "பார்த்தியா, லண்டன் போயிட்டாங்கள்" என்று ஏஜென்ட் இதையும் விளம்பரமாக்குவான். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டான்.

போன வாரம் எங்கள் முகாமுக்குப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்து, "நேவி பிடிச்சா நல்லதாமே அண்ணே?" என்று கேட்டான். அதே வசனம், ஏஜென்டின் போன் நம்பர் மட்டும் வேறு. அந்த ஏஜென்டுக்கு ஐம்பது வயதிருக்கும், ரசீது தர மாட்டான், லைஃப் ஜாக்கெட்டுக்கென்று தனியாக ஐயாயிரம் கேட்பான்.