கயாக்கில் கேமரா: ஆஸ்மோ ஆக்‌ஷன் 4ம் அதைத் தாங்கும் கையும்

கயாக்கில், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகில், உட்கார்ந்து தூண்டில் போடுகிறவருக்கு இரண்டு கையும் எப்போதும் வேலையில் இருக்கும். ஒன்றில் ராட், இன்னொன்றில் துடுப்போ ரீல் கைப்பிடியோ. மீன் கடித்த பிறகு கேமராவைத் தேடிப் பட்டனை அமுக்க நேரமே கிடையாது. அதனால் இங்கே எந்த கேமரா என்பது பாதி விஷயம்தான். அதை எங்கே, எதில் மாட்டுகிறோம் என்பதுதான் பெரிய பாதி.

நான் வைத்திருப்பது டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு கழிமுகத்திலும் கோவளம் கடலிலும் புழங்குகிற கேமரா. இது 2023 ஆகஸ்டில் வந்தது. அடுத்த மாதமே கோப்ரோ ஹீரோ 12 வந்தது. இரண்டுக்கும் பிறகு புது மாடல்கள் வந்துவிட்டன. ஆனாலும் கயாக் வேலைக்கு இந்தத் தலைமுறையே தாராளம் என்பது என் கருத்து.

இதை எடுத்ததற்கு முதல் காரணம் விடியற்காலை வெளிச்சம். கொடுவாய், செப்பிலி மீன்கள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் வானம் சரியாக வெளுத்திருக்காது. ஆக்‌ஷன் 4இன் சென்சார் 1/1.3 அங்குலம், ஹீரோ 12இல் 1/1.9 அங்குலம். பெரிய சென்சார் கூடுதல் வெளிச்சத்தை வாங்குகிறது. சூரியன் எழுவதற்கு முன் சதுப்புநிலக் கரையோரம் எடுத்த காட்சியில் மீனின் செதில் தெரிகிறதா, கறுப்பாக ஏதோ துள்ளுகிறதா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

இரண்டாவது காரணம் வெயில். கேமராவை பைக்கில் மாட்டினால் காற்று பட்டுக் குளிர்ந்துகொள்ளும். நங்கூரம் போட்டு நிற்கிற கயாக்கில் அந்தக் காற்று இல்லை. மேலே வெயில், கீழே தண்ணீரின் பளபளப்பு. ஆக்‌ஷன் 4க்கு நிறுவனம் சொல்லும் மேல் வரம்பு 45 டிகிரி, ஹீரோ 12க்கு 35 டிகிரி. மே மாதச் சென்னையில் இந்தப் பத்து டிகிரி வித்தியாசம் பெரிது. அதற்காக வெயில் ஏறிய பிறகு 4கே 120 ஃபிரேமில் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. வேகம் கூடினால் உள்ளே சூடும் கூடும், எந்த ஆக்‌ஷன் கேமராவானாலும் சரி. 4கே 30 போதும். இரண்டு திரைகளையும் அணைத்து வைத்தால் பேட்டரியும் மிச்சம், சூடும் குறைவு.

நீர் புகாத ஆழத்தைப் பார்த்து யாரும் கயாக்குக்குக் கேமரா வாங்க வேண்டாம். இது 18 மீட்டர், ஹீரோ 12 10 மீட்டர். நமக்கு ஒரு மீட்டரே அதிகம். கவனிக்க வேண்டியது கதவுகளை. பேட்டரிக் கதவின் ரப்பர் ஓரத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் அந்த 18 மீட்டர் வெறும் எண்தான். கயாக்கில் ஈரக் கையோடு பேட்டரி மாற்றுவதைத்தான் நான் அடியோடு தவிர்க்கச் சொல்வேன். தனிக் கூட்டுக்குள் வைத்தால்தான் தண்ணீர் புகாது என்கிற மலிவு கேமராக்களும் சந்தையில் உண்டு. அவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் ஊர் ஈரக்காற்றை உள்ளே வைத்துக் கூட்டை மூடிவிட்டு, சூடான கேமராவோடு தண்ணீரில் தோய்த்தால் கண்ணாடியின் உட்புறம் பனி படியும். வெளியிலிருந்து அதைத் துடைக்க வழியில்லை. சத்தமும் அடைத்துப்போகும்.

சரி, இப்போது மாட்டும் விஷயம்.

கேமராவோடு வரும் ஒட்டும் தட்டை நம்பி கயாக்கில் எதையும் ஒட்டாதீர்கள். பெரும்பாலான மீன்பிடி கயாக்குகள் பாலிஎத்திலீனைச் சுழல் வார்ப்பில் வார்த்தவை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும் அதே பொருள், அதே செய்முறை. தொட்டியில் விரிசல் விட்டால் எம்-சீல் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நிற்காது. பாலிஎத்திலீனின் மேற்பரப்பு எந்தப் பசையையும் சரியாகப் பிடிக்க விடுவதில்லை. வெயிலும் உப்பும் சேர்ந்தால் ஒட்டிய தட்டு ஓரத்திலிருந்து மெல்லக் கிளம்பும்.

ஆக, திருகித்தான் ஆக வேண்டும். கயாக்கின் பக்கவாட்டில் ஏற்கெனவே தடம் (பொருள்களை நகர்த்திப் பூட்டும் டிராக்) இருந்தால் வேலை சுலபம். தடத்துக்குள் நழுவும் டி-போல்ட்டில் ஒரு அங்குல ரப்பர் உருண்டை, அதன் மேல் இரட்டைக் கவ்வி போட்ட கை, மறுமுனையில் கேமரா. ராம் மவுண்ட் என்கிற மவுண்ட் பிராண்டில் இதை பி அளவு என்பார்கள். உருண்டை ரப்பர் என்பதால் நனைந்தாலும் வழுக்காது. குமிழை இறுக்கினால் வைத்த கோணத்தில் அப்படியே நிற்கும்.

தடம் இல்லாத கயாக்கில் துளை போட வேண்டும். உள்ளே கை எட்டும் இடமானால் போல்ட், அகலமான வாஷர், நைலான் வைத்த நட், துளையைச் சுற்றி கடலுக்கான சீலன்ட். கை எட்டாத இடத்தில் வெல்நட்: ரப்பர் உறைக்குள் பித்தளை நட் இருக்கும், திருகத் திருக ரப்பர் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். போல்ட் வாங்கும்போது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று மட்டும் சொன்னால் கடையில் 304 ரகத்தை எடுத்துக் கொடுப்பார்கள். உப்புத் தண்ணீருக்கு 316 என்று கேட்டு வாங்குங்கள். காந்தம் வைத்துப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, அதனால் நம்பகமான கடையாகப் பார்த்துப் போங்கள். தடம் அலுமினியமானால் எஸ்.எஸ். திருகில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள். இரண்டு உலோகமும் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும்.

எங்கே மாட்டுவது? முதுகுக்குப் பின்னால் உயரக் கம்பம் வைத்து, தோளுக்கு மேலிருந்து எடுப்பது எல்லோருக்கும் பிடித்த கோணம். தண்ணீர் விரிந்து தெரியும், ராட் வளைவது அழகாக விழும். ஆனால் வலது கையால் வீசுபவர் கம்பத்தை இடப்பக்கம் வைக்க வேண்டும். வலப்பக்கம் வைத்தால் பின்னால் கொண்டுபோகும் லூரின் (செயற்கை இரையின்) கொக்கி கம்பத்தில்தான் மாட்டும். தவிர, மீனை மடிக்குக் கொண்டுவரும் நேரத்தில் நம் முதுகே அதை மறைத்துவிடும். கயாக்கின் மூக்கு முனையில் நம் முகத்தைப் பார்த்து வைத்தால் மீன் நன்றாகத் தெரியும். ஆனால் பாறை மீன் மாதிரி பலமான மீன் கயாக்குக்கு அடியில் பாய்ந்து மறுபக்கம் போகும்போது தூண்டில் நரம்பை மூக்கைச் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே கேமரா நின்றால் சிக்கும். தலையில் மாட்டினால் நாம் முடிச்சுப் போடுகிற நேரமெல்லாம் முடிச்சுதான் படமாகும். நெஞ்சில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. துடுப்புப் போடும் கையும் வந்து மறைக்கும்.

என் தேர்வு இடது முழங்காலுக்குச் சற்று முன்னால், தடத்தில் குட்டைக் கை. கேமரா என்னை ஏறிட்டுப் பார்க்கும். மடி, வலை, ராடின் அடிப்பகுதி, பின்னால் கொஞ்சம் தண்ணீர் என எல்லாமே சட்டத்துக்குள் வந்துவிடும். முக்கியமாக, கை எட்டுகிறது. கை எட்டாத கேமராவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அன்றைய படம் முழுக்க அந்தச் சொட்டுதான். சர்ஃபிங் செய்பவர்கள் லென்ஸை நாக்கால் ஈரப்படுத்திவிட்டு இறங்குவார்கள். எச்சில் படலத்தில் தண்ணீர் சொட்டாக நிற்காமல் பரவி வழிந்துவிடும். நானும் அதைத்தான் செய்கிறேன். கடல் நீர் காய்ந்து வெள்ளை வளையம் ஆகிவிட்டால் மட்டும், சின்ன பாட்டிலில் கொண்டுபோகும் நல்ல தண்ணீரை ஊற்றித் துடைப்பேன்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. படகில் திருகிய கேமராவுக்கு ஸ்டெபிலைசேஷனை (படத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள். அந்த வசதி அடிவானத்தை அசையாமல் வைக்கப் பார்க்கும். கேமராவும் கயாக்கும் நாமும் சேர்ந்தே ஆடுகிறோம். அடிவானத்தை நிறுத்தினால் படத்தில் நாமும் கயாக்கும்தான் தனியாக ஆடுவோம்; பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். அணைத்தால் நாம் நிலையாக இருப்போம், பின்னணி மட்டும் அலையோடு ஏறி இறங்கும். கண்ணுக்கு அதுதான் இயல்பு. கையில் பிடித்து, மீனைத் தண்ணீரில் விடுவதை எடுக்கும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

பேட்டரிக்கு 160 நிமிடம் என்று நிறுவனம் சொல்வது 1080பி, 24 ஃபிரேமில். 4கேயில் அவ்வளவு வராது. கார்டும் வேகமாக நிறையும். வினாடிக்கு 100 மெகாபிட் என்று வைத்தாலே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரம் தாங்காது. நான் லூப் பதிவில் 20 நிமிடம் வைத்து விடுகிறேன். பழையது அழிந்துகொண்டே வரும். மீன் ஏறியதும் பதிவை நிறுத்தினால் கடைசி 20 நிமிடம் கார்டில் இருக்கும். வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிகளை வீட்டில் உட்கார்ந்து வெட்டும் வேலை மிச்சம்.

காந்தத்தில் ஒட்டிக் கொக்கியில் பூட்டிக்கொள்ளும் மவுண்ட் இந்தக் கேமராவில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கையால் கழற்றி, தண்ணீருக்குள் காட்டிவிட்டு, திரும்ப மாட்டலாம். ஆனால் 145 கிராம் எடையுள்ள இது மிதக்காது. கேமராவுக்கு மேலே போடும் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைக் கயாக்கின் வளையத்தில் மாட்டுங்கள். மவுண்ட்டில் கட்டினால் பயனில்லை, கழற்றும்போது கேமரா தனியாகத்தான் கையில் வரும்.

கோவளத்தில் அலை உடையும் இடத்தைத் தாண்டும் வரையிலும், திரும்பிக் கரையேறும்போதும் மவுண்ட் கையையும் கேமராவையும் கழற்றி, கயாக்கில் மூடி போட்ட அறைக்குள் வைத்துவிடுங்கள். கயாக் கவிழ்ந்தால் கேமரா போவது இருக்கட்டும், நீட்டிக்கொண்டிருக்கும் கை நம் முகத்தில் குத்தும். வீட்டுக்கு வந்ததும் கதவுகளைத் திறக்காமலே நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள், கவ்வியின் குமிழையும் திருகையும் சேர்த்து. துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் பேட்டரிக் கதவைத் திறக்க வேண்டும்.