பிலிப்ஸ் 12499: இரண்டு ஃபிலமென்ட் டெயில் லைட் பல்பு

இருட்டில் பின்னால் வருகிறவர் கண்ணில் நம் கார் படுவதே டெயில் லைட்டால்தான். அதனால் இந்தச் சின்னப் பல்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அப்பாவின் பழைய காரில் ஒரு பக்கம் பியூஸ் போனபோது பிலிப்ஸ் 12499 வாங்கி இரண்டு பக்கமும் மாற்றினேன். மழை, குண்டும் குழியுமான ரோடு, இராத்திரிப் பயணம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. எனக்கு முழுத் திருப்தி.

இதன் வகை பி21/5டபிள்யூ. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ஃபிலமென்ட், அதாவது சூடேறி வெளிச்சம் தரும் மெல்லிய கம்பி, இருக்கும். லைட் போட்டதும் எரிவது 5 வாட், பிரேக்கை மிதித்தால் எரிவது 21 வாட். வெளிச்சத்தை அளக்கும் லுமென் கணக்கில் முதலாவது சுமார் 35 தரும், இரண்டாவது சுமார் 440. இந்தப் பெரிய இடைவெளிதான் பின்னால் வருகிறவருக்கு நாம் பிரேக் பிடித்ததை உடனே காட்டிக் கொடுக்கிறது. இதில் ஒரு ஃபிலமென்ட் மட்டும் போனால் கவனிக்காமல் விட்டுவிடுவோம். அப்பாவின் காரில் நடந்தது அதுதான்: பிரேக் லைட் நன்றாக எரிந்தது, டெயில் லைட் மட்டும் செத்துக் கிடந்தது. பிரேக்கை மட்டும் மிதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைக்கவே கூடாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எனக்கு இந்தப் பல்பில் மிகவும் பிடித்தது அதன் அடிப்பாகம். கழற்றிய பழைய பல்பு பெயர் தெரியாத ஏதோ ஒன்று. கண்ணாடி உலோக மூடியில் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது, விரலால் தொட்டாலே ஆடியது, உள்பக்கம் புகை படிந்த மாதிரி கருத்திருந்தது. அதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதில் கண்ணாடி நேராக, அசையாமல் நிற்கிறது. அடியில் உள்ள இரண்டு ஈயப் பொட்டுகளும் ஒரே அளவு, ஒரே உயரம். பக்கவாட்டு முளைகள் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் ஹோல்டருக்குள் பக்கம் மாறி நுழையவே நுழையாது. பொருத்தி, கொஞ்சம் அழுத்தி, வலப்பக்கம் திருப்பினால் ஸ்பிரிங் பிடித்துக்கொள்வது கைக்கே தெரிகிறது. நுழையவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் பல்பை அரைச் சுற்றுத் திருப்பி, முளைகளைப் பக்கம் மாற்றிப் பாருங்கள்.

மாட்டும் வேலை பெரிதில்லை. டிக்கியைத் திறந்து, விளக்கின் பின்பக்க மூடியை எடுத்து, ஹோல்டரைத் திருப்பி வெளியே எடுத்தால் போதும். சில கார்களில் மொத்த விளக்கையும் ஸ்க்ரூ கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும். லைட்டை அணைத்து, பல்பு ஆறிய பிறகு கை வையுங்கள். ஹோல்டரில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். எவ்வளவு நல்ல பல்பு போட்டாலும் எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் இணைப்பு, சரியாகக் கிடைக்காவிட்டால் மங்கலாகத்தான் எரியும், பிரேக் பிடித்தால் பக்கத்து விளக்கும் சேர்ந்து மினுக்கும். அந்தக் குறையைப் பல்பின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

“எல்இடி போட்டால் என்ன?” என்று தம்பி கேட்டான். அவன் காரில் போட்டிருந்த ஒரு எல்இடி பல்பைப் பார்த்த பிறகுதான் நான் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வெள்ளை எல்இடியைச் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்ததால் வெளிச்சம் ரோஸ் நிறமாகத் தெரிந்தது. பிரேக் பிடித்தபோதும் பெரிய மாற்றம் இல்லை. டாஷ்போர்டில் பல்பு எரியவில்லை என்ற எச்சரிக்கை வேறு. எல்இடி சட்டென்று எரியும், ஃபிலமென்ட் சூடேறி முழு வெளிச்சம் தரச் சுமார் 0.2 விநாடி கூடுதலாக ஆகும், அது உண்மை. 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் வண்டி 5 மீட்டருக்கு மேல் போய்விடும். அதனால் எல்இடிக்கென்றே வடிவமைத்த விளக்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஃபிலமென்ட் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்த ரிஃப்ளெக்டருக்குள் (வெளிச்சத்தைப் பின்பக்கமாகத் திருப்பி அனுப்பும் பளபளப்பான கிண்ணம்) வேறு பல்பை நுழைத்தால் வெளிச்சம் போக வேண்டிய பக்கம் போகாது. பல நாடுகளில் சட்டமும் அதற்கு இடம் தருவதில்லை.

ஒரு குறை உண்டு. அடியில் பொறித்திருக்கும் எழுத்து ரொம்பப் பொடி. பாக்கெட்டை விட்டு வெளியே எடுத்துவிட்டால் படிக்க டார்ச் தேவைப்படுகிறது. கடையில் இதற்குப் பக்கத்திலேயே தொங்கும் 12498 ஒற்றை ஃபிலமென்ட் பல்பு, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இதற்குப் பதில் அது ஆகாது. அதில் அடியில் ஒரே ஒரு ஈயப் பொட்டுதான் இருக்கும், முளைகளும் ஒரே உயரத்தில் இருக்கும். வாங்கும்போது பாக்கெட் வழியாகவே அதைப் பார்த்துவிடலாம். அடிப்பாகம் உலோகம் இல்லாமல், தட்டையாகச் செருகும் பல்பு உங்கள் காரில் இருந்தால் அது டபிள்யூ21/5டபிள்யூ போன்ற வேறு வகை, 12499 அதில் சேராது. பழைய பல்பைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். வாங்கும்போது ஜோடியாகவே வாங்கி, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.