எண்ணெயா, பாலியூரிதேனா: ஒரே தேக்குத் தரை, இரண்டு பூச்சு

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் படுக்கையறையிலும் ஒரே தேக்குப் பலகைதான். பூச்சுதான் வேறு. கூடத்துக்கு ஆளிவிதை எண்ணெய். படுக்கையறைக்கு பாலியூரிதேன், தச்சர்கள் ‘பியூ’ என்று சொல்வது. இரண்டும் ஏழு மழைக்காலங்களைப் பார்த்துவிட்டன.

எண்ணெய் மரத்துக்குள் இறங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. பியூ மரத்தின்மேல் ஒரு படலமாகப் படிகிறது. நல்லதும் கெட்டதும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

தண்ணீருக்குப் படலம்தான் அரண். படுக்கையறையில் சொம்புத் தண்ணீர் கொட்டினால் துடைத்துவிட்டுப் போகலாம். கூடத்தில் அப்படி இல்லை. துளசித் தொட்டியின் இரும்புத் தாங்கி ஈரத்தோடு சில நாள் நின்றதில் கரிய வளையம் விழுந்தது. அது அழுக்கு அல்ல. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுத்தது. தேய்த்தால் போகாது. கையுறை போட்டு ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவிக் கழுவிய பிறகே வெளுத்தது.

கீறல் என்றால் கதை தலைகீழ். இரும்பு பீரோவை நகர்த்தியதில் படுக்கையறைப் படலத்தில் ஒரு முழத்துக்குக் கோடு. அந்த இடத்தில் மட்டும் பூசினால் விளிம்பு தனியாகப் பளபளக்கும். முழு அறையையும் தேய்த்துப் பூசியாக வேண்டும். பூசுவதற்கு முன் தின்னரில் நனைத்த துணியால் துடைக்காவிட்டால், தேக்கின் சொந்த எண்ணெயே பூச்சை ஒட்டவிடாது. கூடத்தில் ஊஞ்சல் சங்கிலி விழுந்து பட்ட காயத்தை நானே சரிசெய்தேன். 180 எண் உப்புத்தாளால் ரேகை வழியே தேய்த்து, துணியில் எண்ணெய் தொட்டுத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்தேன். முதலில் வெளுத்துத் தெரிந்த இடம் சில வாரங்களில் சுற்றியுள்ள நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. எண்ணெய் இறுகும்போது வெளிவரும் சூட்டில் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் ஊறவைத்த பிறகே எறிய வேண்டும்.

மும்பையின் ஈரக்காற்றை இரண்டுமே தடுத்து நிறுத்துவதில்லை. பலகை அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அதனால்தான் சுவரோரம் இடைவெளி விடுகிறார்கள். அதைச் சிமெண்டால் அடைத்துவிடாதீர்கள். இன்னொன்றை நாங்கள் காசு கொடுத்துக் கற்றோம். ஆகஸ்டில் பலகைகளின் ஓரங்கள் உயர்ந்து நின்றபோது, வேலைக்கு வந்தவர் எந்திரத்தால் மட்டமாகத் தேய்த்துவிட்டார். ஜனவரியில் மரம் காய்ந்ததும் ஓரங்கள் தாழ்ந்து நடுப்பகுதி முதுகுபோல் எழுந்தது. காய்ந்து பழைய நிலைக்கு வரும்வரை தேய்க்கக் கூடாது.

பெருக்குவதும் நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பதும் இரண்டுக்கும் பொது. நீராவித் துடைப்பான் எதற்கும் ஆகாது.

வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், தரையைக் கவனிக்க நேரமில்லை என்றால் பியூ பூசுங்கள். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தரைக்குக் கொடுக்க முடிந்தால், நான் எண்ணெயையே சொல்வேன். என் படுக்கையறையும் அடுத்த முறை எண்ணெய்க்குத்தான் மாறுகிறது. நவம்பரில் கூடத்துக் கதவோரம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். முத்தாக நின்றால் அந்த வருடம் விட்டுவிடலாம். சில நிமிடங்களில் உறிஞ்சி, மரம் கறுத்தால் எண்ணெய் டப்பாவைத் திறக்க வேண்டியதுதான்.